வீடு வீடாகப் போகும் கம்யூனிட்டி போஸ்டிங்: ஜூனியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பி.எஸ்சி. நர்சிங் படித்தது மதுரைக்கு வடக்கே உள்ள ஒரு கல்லூரியில். கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு, அதாவது ஊருக்குள் வீடு வீடாகப் போய் நர்சிங் பழகும் பயிற்சிக்கு, எங்களுக்குக் கிடைத்தது நத்தம் பக்கம் ஒரு கிராமம். மாமரமும் புளியமரமும் நிறைந்த ஊர். படிப்பு முடிந்த பிறகும் ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் இருப்பதை அங்கேயே படித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாததுதான் இங்கே அதிகம்.

இந்த போஸ்டிங்கில் அப்படி என்னதான் வேலை?

இப்போதைய பாடத்திட்டப்படி 5வது செமஸ்டரிலும் 7வது செமஸ்டரிலும் வருகிறது. பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு 2ஆம் ஆண்டிலும் 4ஆம் ஆண்டிலும் இருந்தது. காலையில் கல்லூரிப் பேருந்து ஊர் மந்தையில் இறக்கிவிடும். முதல் சில நாள் சர்வே: வீட்டில் எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா, யாருக்கு என்ன நோய். அப்புறம் ஆளுக்குச் சில வீடுகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த வீடுகளுக்கு ஃபேமிலி ஃபோல்டர், அதாவது குடும்பத்தின் உடல்நல விவரங்களை எழுதும் கோப்பு, போட்டு, திரும்பத் திரும்பப் போக வேண்டும். பி.பி., சர்க்கரை பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் கவனிப்பது, யாருக்கு என்ன கவனிப்பு என்று கேர் பிளான் எழுதுவது எல்லாம் இதில் வரும்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. துணை நிலையத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர், நம் பேச்சில் வி.எச்.என். முதல் நாளே போய் வணக்கம் வைத்து, "அக்கா, எந்த வீட்டுக்கு முதல்ல போகணும்?" என்று கேளுங்கள். அவர் ஐந்து நிமிடம் பேசுவது, நாம் இரண்டு நாள் அலைந்து எடுக்கும் சர்வேயைவிட உபயோகமாக இருக்கும்.

முதல் தடவை ஒரு வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது?

"வணக்கம், நாங்கள் இன்ன கல்லூரியிலிருந்து வருகிறோம், உங்கள் வீட்டில் எத்தனை உறுப்பினர்கள்?" என்று நோட்டைத் திறந்தால் அவ்வளவுதான். கணக்கெடுப்புக்கு வந்திருக்கிறார்கள், ஏதோ ரேஷன் கார்டை ரத்து செய்யப் போகிறார்கள் என்று பயந்து பாதி ஆளை மறைத்துவிடுவார்கள். என் முதல் வீட்டில் மூன்று பேர் என்று எழுதினேன். இரண்டாவது தடவை போனபோது உள்ளேயிருந்து ஐந்து பேர் வந்தார்கள்.

செருப்பை வாசலில் கழற்றுங்கள். கூப்பிட்ட பிறகு உள்ளே போங்கள். அவர்கள் உட்காரச் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி உட்காருங்கள். அது சாக்காக இருந்தாலும் சரி, திண்ணையாக இருந்தாலும் சரி. நோட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். நான் போனது மாசி பங்குனியில், வீட்டுக்கு வீடு புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கை வேலையாக இருந்தால் வாய் தானாகப் பேசும், அவர்களுக்கும் நமக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளி நம் இடத்துக்கு வருகிறார், நாம் சொன்ன கட்டிலில் படுக்கிறார். இங்கே நாம்தான் விருந்தாளி. கேள்வி கேட்கும் உரிமையை அவர்கள்தான் நமக்குக் கொடுக்க வேண்டும்.

எந்த நேரத்தில் போனால் ஆள் இருப்பார்கள்?

நம் பேருந்து வரும் நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், அதுதான் சங்கடம். பூப்பறிக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே போய் வெயில் ஏறும்போது திரும்புவார்கள். 100 நாள் வேலை நடக்கும் வாரத்தில் ஊரே கண்மாய்க்கரையில் இருக்கும். எங்களில் சிலர் பேக்கைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய், புளியமரத்தடியில் வரிசையாக பி.பி. பார்த்தோம். வீட்டு விசிட் கணக்கில் வராது, ஆனால் அன்று நாற்பது பேரைப் பார்த்தோம். ரேஷனில் சாமான் போடும் நாளிலும், ஊரில் துக்கம் விழுந்த நாளிலும் போகாதீர்கள்.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் நில்லுங்கள். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. வெளி ஆள் வருவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள், உங்களுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை என்றால் போவதும் தப்பு. வெளியே நின்றே விசாரியுங்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா என்று மட்டும் கட்டாயம் கேட்டு, வி.எச்.என்.னிடம் சொல்லிவிடுங்கள்.

பேக் டெக்னிக் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கிறது?

விசிட்டுக்குத் தூக்கிப்போகும் மருத்துவப் பையை எப்படித் திறந்து மூடுவது என்ற முறைதான் பேக் டெக்னிக். அது மார்க்குக்காக என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அந்தப் பை ஒரே நாளில் ஏழெட்டு வீட்டுக்குள் போய் வருகிறது. ஒரு வீட்டுப் புண்ணை இன்னொரு வீட்டுக் குழந்தைக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை சடங்கும்.

சுத்தமான, குழந்தைகளுக்கு எட்டாத ஓர் இடத்தைக் கேட்டு வாங்கி, செய்தித்தாளை விரித்து, அதன் மேல்தான் பேக். வெளிப்பையிலிருந்து சோப்பு, துண்டு எடுத்துக் கை கழுவிய பிறகுதான் பேக்கின் வாயைத் திறக்க வேண்டும். ஏப்ரன் கட்டி, தேவையானதை மட்டும் எடுத்து வெளியே வைத்து, உடனே மூடிவிட வேண்டும். வேலை முடிந்ததும் பொருளைச் சுத்தம் செய்து, மறுபடி கை கழுவி, உள்ளே வைத்து, செய்தித்தாளைத் தரையில் பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். கழிவுக்குத் தனியாகப் பேப்பர் பை. நடுவில் எதையாவது மறந்து மீண்டும் பேக்குக்குள் கைவிட்டால் தேர்வில் மார்க் போகும். முதலிலேயே யோசித்து எடுங்கள்.

தண்ணீர் தட்டுப்பாடுள்ள வீட்டில் கை கழுவ இரண்டு செம்பு கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போய்விடுங்கள். அப்புறம், ஒரு தாத்தா நான் விரித்த பேப்பரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தீண்டக் கூடாத சுத்தமான இடம் என்று நான் காத்துக்கொண்டிருந்தபோது, "அந்தத் தாளைச் சித்த திருப்பு தாயி, மீதி சேதி அந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

வீட்டில் யூரின் டெஸ்ட் செய்வது கூச்சமாக இருக்கிறதே?

அவர்களுக்குத்தான் அதிகக் கூச்சம். பல கல்லூரிகளில் இப்போது சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்டிரிப் வந்துவிட்டது. ஸ்பிரிட் விளக்கு இன்னும் இருக்கிற கல்லூரி என்றால், அடுப்படியில் செய்யாதீர்கள், கொல்லைப்புறமோ திண்ணை ஓரமோ கேளுங்கள். பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, அதை முதலில் தனியாகக் கொதிக்கவைத்து நிறம் மாறவில்லை என்று பாருங்கள். பிறகு 8 சொட்டு சிறுநீர். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய் செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது. ஆல்புமினுக்குச் சிறுநீரின் மேல்பகுதியைச் சூடாக்கி, கலங்கினால் அசிட்டிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். கலங்கல் போனால் பாஸ்பேட், போகாவிட்டால் ஆல்புமின்.

குழாயின் வாய் உங்கள் பக்கமும் இருக்கக் கூடாது, அவர்கள் பக்கமும் இருக்கக் கூடாது. முடிவைக் கத்திச் சொல்லாதீர்கள். நான் ஒரு அம்மாவிடம் "சர்க்கரை இருக்கு" என்று சாதாரணக் குரலில்தான் சொன்னேன். அடுத்த வீட்டுத் திண்ணைக்குக் கேட்டுவிட்டது. மறுநாள் டீக்கடை வரை போயிருந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு எனக்குக் கதவே திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

காபி, டீ கொடுத்தால் குடிக்கலாமா?

வகுப்பில் வேண்டாம் என்பார்கள். காரணமும் சரிதான்: ஏழு வீட்டில் ஏழு டீ குடிக்க முடியாது, ஏழைக் குடும்பத்துக்குச் செலவு. ஆனால் பச்சைத் தண்ணீரைக்கூட வேண்டாம் என்றால் அதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அடுத்த கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

"நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

கேட்பார்கள். சில வீட்டில் நேராக, சில வீட்டில் "சொந்த ஊரு எது, அங்க எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்து. நான் "நர்ஸு ஆளுக பாட்டி" என்று சிரித்துவிட்டு பி.பி. கஃப்பை எடுத்துவிடுவேன். பெரும்பாலும் அதோடு முடியும்.

கஷ்டம் மறுபக்கத்தில்தான். எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் ஊருக்குள் மோர் வாங்கிக் குடித்தார்கள், காலனியில் "இப்பத்தான் குடிச்சோம்" என்றார்கள். தண்ணீர் கொண்டுவந்த அக்கா செம்பை ஒன்றும் சொல்லாமல் திரும்ப எடுத்துப் போனார். அவர் முகம் மாறவே இல்லை. பழகிப்போன முகம் அது. அன்று அந்தத் தெருவில் நாங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் ஒரு வார்த்தைக்கு மேல் பதில் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான்: ஒரு தெருவில் வாங்கிக் குடித்தால் எல்லாத் தெருவிலும் குடிப்பேன். டீயை எல்லா இடத்திலும் மறுப்பேன், தண்ணீரை எங்கும் மறுக்க மாட்டேன்.

ஹெல்த் எஜுகேஷனுக்கு சார்ட் போட்டுக்கொண்டு போனால் போதுமா?

சரிவிகித உணவு பற்றி ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து சார்ட் வரைந்தேன். ஆப்பிள், மீன், முட்டை, பால் டம்ளர், திராட்சைக் கொத்து. பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா பொறுமையாக, "எல்லாம் சரி தாயி, இதுல எது ரேஷன்ல போடுறாக?" என்றார்.

சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் வீட்டையே சுற்றிப் பார்த்தேன். கொல்லையில் முருங்கை நின்றது. இலையை ஆட்டுக்குப் போடுகிறார்கள். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு வருகிறது. கேழ்வரகு டப்பாவில் இருக்கிறது. கடைக்குட்டி அங்கன்வாடிக்குப் போவதில்லை, ஏனென்றால் கூட்டிப் போக ஆள் இல்லை. அடுத்த வாரம் இந்த நான்கை மட்டும் பேசினேன். படம் எதுவும் கொண்டுபோகவில்லை.

மாத்திரை கொடுத்தும் சாப்பிடுவதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

"சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுறேன்" என்றுதான் பதில் வரும். "மாத்திரையை எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள்.

எனக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் ஐந்து மாதக் கர்ப்பிணி, என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். கர்ப்பத்தில் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. முதல் இரண்டு விசிட்டிலும் மாமியார்தான் பதில் சொன்னார்: "அதெல்லாம் ஒழுங்கா முழுங்குறா." மூன்றாவது முறை, மாமியார் ஆட்டை அவிழ்க்கப் போயிருந்த நேரம். மாத்திரையைக் காட்டச் சொன்னேன். அவர் சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பழைய பால்மாவு டின்னை எடுத்தார். திறந்தால் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

காரணம் ஒன்றல்ல. காலையில் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார், குமட்டி வாந்தி வந்திருக்கிறது. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து மாமியார் பயந்திருக்கிறார். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், மண்டை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று பக்கத்துத் தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானோ இரண்டு வாரமும் "இரும்புச்சத்து ரொம்ப முக்கியம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முக்கியம் என்று அவருக்குத் தெரியாமலா அட்டையை அடுக்கி வைத்திருக்கிறார்?

ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது போடச் சொன்னேன். டீ, காபியோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடு சேர்த்து வேண்டாம், எலுமிச்சைச் சாறு இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவது இரும்பின் நிறம்தான் என்பதை மருமகளிடம் சொல்லவில்லை, மாமியாரிடம் சொன்னேன். அந்த வீட்டில் நம்ப வேண்டியவர் அவர்தான். வி.எச்.என். அக்காவும் ஒருமுறை வந்து, "என் ரெண்டு பிள்ளைக்கும் முழுங்கினேன், பாருங்க, நல்லாத்தானே இருக்குதுக" என்றார். நான் பேசிய எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் வேலை செய்தது. கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 மாத்திரை என்பது கணக்கு. டின்னில் இருந்ததையும் புதிதாக வந்ததையும் தேதி பார்த்துப் பிரித்துக் கொடுத்தோம். போஸ்டிங் முடியும்போது 9.2 ஆகியிருந்தது. பெரிய வெற்றி ஒன்றுமில்லை, ஆனால் கேர் பிளானில் அன்றுதான் முதல் தடவையாக ஓர் உண்மையான வரி எழுதினேன்.

பாட்டி வைத்தியத்தை எதிர்த்துப் பேசலாமா?

எல்லாவற்றையும் எதிர்த்தால் எதையும் நிறுத்த முடியாது. கையில் வசம்பு வளையல், இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். கயிறு இறுக்காமலும் வசம்பு வாய்க்குப் போகாமலும் இருந்தால் சரி. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் கருவாட்டுக் குழம்பும் கொடுப்பதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

நிறுத்தியே ஆக வேண்டியவை வேறு. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, உரை மருந்து, கழுதைப்பால் கொடுப்பது; 6 மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். தொப்புளில் மஞ்சளோ விபூதியோ வைப்பது. குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது. தொக்கம் எடுக்கிறேன் என்று குழந்தையின் தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சுவது. பிள்ளை பெற்றவளுக்கு வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பதும் இதே கணக்குதான். இவற்றைச் சொல்லும்போதும் "தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். "பாட்டி, உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பாட்டிதான் அந்த வீட்டின் வார்டு சிஸ்டர்.

படுக்கையில் இருப்பவர் வீட்டில் என்ன செய்ய முடியும்?

பக்கவாதத்தில் விழுந்த தாத்தா ஒருவர், கயிற்றுக் கட்டிலில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது, முதுகின் அடிப்பகுதி, குதிகால், தோள்பட்டை சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் ஆரம்பிக்கிறது, அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. வாட்டர் பெட்டுக்கெல்லாம் வழியில்லை. பழைய சேலைகளைச் சுருட்டி முட்டுக் கொடுத்தோம். எல்லாம் பாடத்தில் படித்ததுதான், நன்றாகவே செய்தேன்.

மூன்றாவது வாரம் பி.பி. கஃப்பை மடித்து வைக்கும்போது, சும்மா பேச்சுக்கு, மருமகளிடம் "அக்கா, நீங்களும் ஒரு தடவை கையக் காட்டுங்களேன்" என்றேன். 158/100. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், 154/98. நாற்பது வயதுகூட இல்லை. விடிகாலை பூ, பகலில் மாமனார், ராத்திரியும் இரண்டு தடவை எழுந்து திருப்பிப் போடுகிறார். தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். மூன்று வாரமாக அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன், அவர் எனக்கு நோயாளியாகத் தெரியவே இல்லை. ஃபோல்டரில் அவர் பெயருக்கு நேரே "ஆரோக்கியம்" என்று நானே எழுதியிருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். இப்போது மாமனாருக்கு மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அவருக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறக்கிறவருக்கு முதலில் பி.பி. பாருங்கள்.

பி.பி. ரொம்ப அதிகமாக இருந்தால் நாமே மாத்திரை சொல்லலாமா?

கூடாது. மாணவர் மருந்து சொல்லவே கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையில் பாதி தரவும் கூடாது. மேமுக்கும் வி.எச்.என்.னுக்கும் போன் போடுங்கள். கர்ப்பிணிக்கு 140/90க்கு மேல் இருந்தால் அன்றே அனுப்ப வேண்டும். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் சேர்ந்திருந்தால் 108தான், யோசிக்கவே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக இருந்தால்? வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால்?

நீங்கள் துருவிக் கேட்காதீர்கள், சக மாணவிகளிடம் சொல்லாதீர்கள், ரெக்கார்டில் கதையாக எழுதாதீர்கள். அன்றே ஆசிரியையிடம் தனியாகச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், மறைக்க வழியில்லை. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு வராதீர்கள், அடிக்கிறவரும் அந்தச் சுவரைப் பார்ப்பார். வாயால் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

ஆண் மாணவர்களை வீட்டுக்குள் விடுவார்களா?

தனியாகப் போனால் கஷ்டம். ஒரு மாணவியோடு சேர்ந்து போங்கள், திண்ணையிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன்: ஊரில் ஆண்களின் குடி, பீடி, சர்க்கரை, ஆறாத கால்புண் எல்லாம் எங்களிடம் வரவே இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த எங்கள் வகுப்புப் பையன்களிடம்தான் வந்தது.

நாய் துரத்தினால்? கழிப்பறைக்கு எங்கே போவது?

ஓடாதீர்கள், நில்லுங்கள், குடையை முன்னால் வையுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

கழிப்பறைக்குப் பயந்து மாணவிகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். எங்கள் செட்டில் மூன்று பேருக்கு நீர்க்கடுப்பு வந்து, ஊருக்கு "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கிடந்தார்கள். துணை சுகாதார நிலையத்திலோ பள்ளியிலோ முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் அந்தக் கழிப்பறைக்குப் பக்கத்துத் தெரு வீடுகளை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள், மேம் கொடுப்பார்.

போகாத விசிட்டைப் போனதாக எழுதலாமா?

எல்லோரும் ஒரு தடவையாவது எழுதியிருப்பார்கள். மழை நாள் ஒன்றில் ஹாஸ்டலில் உட்கார்ந்து நான் ஐந்து வீட்டுக்கு எழுதினேன். மேம் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு, "என்னம்மா, ஊர் முழுக்க 120/80, பாட்டிக்கும் அதே, பேரனுக்கும் அதே?" என்றார். வகுப்பே சிரித்தது. போய்ப் பார்த்து வீடு பூட்டியிருந்தால், பூட்டியிருந்தது என்றே எழுதுங்கள். பூட்டிய வீடும் ஒரு தகவல்தான்.

அரசுத் திட்டங்கள் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நிறைய. சில வீடுகளில் நம்மால் உடனே செய்ய முடிவது அது மட்டும்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிந்து எண் வாங்கினால்தான் அதுவும் வரும், பிறப்புச் சான்றிதழும் சிக்கலில்லாமல் கிடைக்கும். காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இதை என்னிடம் கேட்டார். வீட்டில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். "பேங்க் புக்கு என் பேருல இல்லையே, காசு வருமா?" என்றுதான் கேட்பார்கள். அதற்கும் பதில் தெரிந்துகொண்டு போங்கள்.

கடைசி நாளில் என்ன செய்வது? போன் நம்பர் கொடுக்கலாமா?

திடீரென்று காணாமல் போகாதீர்கள். ஒரு வாரம் முன்பே "அடுத்த வாரத்தோட முடியுது" என்று சொல்லுங்கள். எந்த வீட்டில் என்ன பாக்கி என்று ஒரு தாளில் எழுதி வி.எச்.என்.னிடம் கொடுங்கள், அது ஃபேமிலி ஃபோல்டரைவிட முக்கியம். நம்பர் கொடுக்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால், ஹாஸ்டலில் இருந்துகொண்டு நம்மால் என்ன செய்ய முடியும்? 108ம் 104ம் எடுப்பார்கள்.

கடைசியாக: ஷூவா, செருப்பா?

கல்லூரியில் அனுமதித்தால் செருப்பு, அதுவும் வார் மாட்டாமல் நழுவவிடுகிற மாதிரி. ஒரு காலைக்குள் பத்து வாசலில் கழற்றி மாட்ட வேண்டும். லேஸ் ஷூ போட்டுப் போனவர்கள் இரண்டாம் நாளே லேஸைக் கட்டாமல் நடந்தார்கள். பழையதாகவே போடுங்கள். புதுச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே பேக் டெக்னிக்கைப் பிசகில்லாமல் செய்துகொண்டிருந்தபோது, என்னுடையதில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் கண்மாய் வரை ஓடித் தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்த வீட்டுப் பாட்டி தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்து, "திரும்பி வருவேல்ல, அப்பக் குடு" என்றார்.